ஹாடியின் கூற்றும் இளையோர் கணிதக் கல்வியும்

கேம்பிறிட்ஜ்ப் பேராசிரியர் ஜீ. எச். ஹாடி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஒரு கணிதவியலாளனின் தன்னிலை விளக்கம்' என்னும் சிறுநூல், கணிதத்தின் அழகை எடுத்துரைக்கும் நூல்களுள் தலைசிறந்ததொன்று. கணிதம் அறியாதாரும் விரும்பிப் படிக்கும் உரைநடை அதற்குண்டு. ஆயின், அந்நூலில் வரும் ஒரு கூற்றின்மேல் அது தாங்கவியலாத பாரம் ஏற்றப்பட்டுள்ளது. கணிதம் இளைஞர்க்கே உரிய துறை என்பதே அக்கூற்று. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தொடக்கிவைத்த பெரிய கணித முன்னேற்றம் எதனையும் தாம் அறியாரென்றும் ஹாடி கூறுகின்றார். அங்ஙனமாயின், திறமையுள்ள சிறுவர்க்கு உயர்கணிதத்தை இயன்றளவு முந்திப் புகட்டுதலே முறையெனப் பெற்றோரும் ஆசிரியரும் சிலர் முடிவு கட்டுவர். இம்முடிவு ஹாடியின் கூற்றிலிருந்து பெறப்படுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கூற்றின் உண்மையே முதலில் ஐயத்துக்குரியது. பிரசியாவில் உயர்பள்ளி ஆசிரியராகப் பல்லாண்டு உழைத்த வயர்ஸ்திராஸ், கணித உலகம் வியந்த ஆய்வுக் கட்டுரையை 1854இல் வெளியிட்டபோது 38 வயதினர். நூல் வெளிவந்த பின்னரும் அதற்கு மறுப்புத் தோன்றிற்று. இயற்கையெண்களின் கனங்களது தலைகீழ்களைக் கூட்டப் பெறும் எண் விகிதமுறா எண் என்பதை, 1978இல் பிரான்சிய அறிஞர் றொஜே அப்பேரி தமது 61ஆம் வயதில் நிறுவினார். தம் ஆக்கத்திறன் ஓய்ந்துவிட்டதென்னும் துயரோடு ஹாடி எழுதிய நூல் அது. ஒருவரின் துயர் அங்குப் பொதுவிதியாக உருக்கொண்டுவிட்டதெனல் தவறாகாது.

கூற்றை உண்மையெனக் கொள்ளினும் முடிவு பெறப்படாது. ஹாடி பேசுவது கணிதத்தை ஆக்கும் வயதைப் பற்றியே. கற்கத் தொடங்கும் வயதைப் பற்றியன்று. அவர் காட்டும் இளையோருள் 20 வயதில் இறந்த கலோவாவும், 26 வயதில் இறந்த ஏபெலும் கணிதத்தில் ஆழ்ந்தது 15 வயதளவிலேதான். நோர்வேயில் ஏபெலுக்கு வாய்த்த பள்ளியாசிரியர் ஹொல்ம்போ, ஒயிலர் முதலிய பேரறிஞரின் நூல்களைக் கற்குமாறு அவரை நெறிப்படுத்தினார். ஐந்தாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்க வழி கண்டதாக ஏபெல் 1821இல் எண்ணியபோது, கோப்பன்கேகன் பேராசிரியர் டேகன் எண்ணாலமைந்த எடுத்துக்காட்டொன்று கேட்டார். அதனைச் செய்ய முயன்ற ஏபெல் தம் வழுவை உணர்ந்தார். அத்தகைய பொதுத்தீர்வு இயலாதென்பதை 1824இல் நிறுவினார்.

இராமானுசன் வரலாறு வேறு. 13 வயதளவிலேயே லோனியின் திரிகோணகணித நூலைத் தாமாகக் கற்றுத் தேர்ந்த அவருக்கு, 1903இல் காரின் தொகுப்பு நூல் கிடைத்தது. ஏறக்குறைய 5000 தேற்றங்களை நிரைப்படுத்தி, நிறுவல்களைப் பெரும்பாலும் விடுத்து, பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்வோர்க்கென எழுதப்பட்ட நூல் அது. அதன் வழியே உயர்கணிதத்துட் புகுந்த இளைஞரை, உடனிருந்து 'ஏன்?' என வினவுவார் இலர். பிற பாடங்களைப் புறக்கணித்தமையாற் கும்பகோணத்தில் உதவிப்பணத்தை இழந்தார். 1907இற் சென்னையிலும் எப். ஏ. பரீட்சையில் தவறினார். ஐரோப்பா முன்னரே அறிந்தவற்றை மீளக் காண்பதில் அவர் உழைப்புப் பெரிதுஞ் செலவாயிற்று. முதன்மை எண்கள் பற்றி அவர் கண்ட முடிவுகள் சில பிழைத்தன. இவற்றை எடுத்துரைப்பவரும் ஹாடியே. அதே 1940இல் வெளிவந்த தம் இராமானுசன் விரிவுரைகளில், அவர் இளமையில் இறந்ததிலும், இருபதையொட்டிய ஆண்டுகளில் அவர்தம் மேதைமை நெறிப்படுத்தப்படாது போனதே பெருந்துயரென ஹாடி கருதுகின்றார். ஓராண்டில் வந்த இரு நூல்களுள் ஆசிரியர்க்கு இதுவே பெரிதும் பயன்படும்.

முந்திக் கற்பித்தல் தீதென்பது இதனாற் பெறப்படாது. அவுஸ்திரேலியரான தெரன்ஸ் தாவோ ஒன்பது வயதளவிலேயே பல்கலைக்கழகக் கணித வகுப்புகளுக்குச் சென்றார்; 2006இற் பீல்ட்ஸ் பதக்கமும் பெற்றார். ஆயினும், சிறுவயதில் அவர் எல்லாப் பாடங்களிலும் ஒருங்கே உயர்த்தப்பட்டாரல்லர். ஒவ்வொரு பாடத்தையும் அதற்கு ஏற்ற வகுப்பிலே பயின்றார். முழுநேர மாணவராகப் பல்கலைக்கழகம் புகுந்தது சில ஆண்டுகள் கழித்தே. எல்லாரையும் ஒருசேர நிறுத்திவைத்தலும் முறையன்று. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகள், சமத்துவங் கருதி, அட்சரகணிதத்தை 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குத் தள்ளின. அதனை மீண்டும் எட்டாம் வகுப்பிற் கற்பிக்குமாறு நகர மக்கள் 2024இற் பெரும்பான்மையாக வாக்களித்தனர்.

ஆகவே, வயது கதவைத் திறக்கும் திறவுகோலுமன்று, அடைக்கும் தாழுமன்று. நுண்கணிதச் சூத்திரத்தாற் கணக்கை விரைந்து முடிக்கும் சிறுவன், அச்சூத்திரம் எங்ஙனம் வந்ததென்பதைத் தன் சொற்களில் விளக்கவல்லனாயின், அவன் மேற்செல்லலாம். விளக்க இயலாதாயின், அவன் பெற்றது விரைவேயன்றிக் கல்வியன்று. அதனைச் சோதித்தறிதல் ஆசிரியர் கடன். மேற்செல்லும் மாணவனைத் தனியே விடாது, டேகன் கேட்டதுபோல் எடுத்துக்காட்டும், நிறுவலும் கேட்டுக்கொண்டிருத்தல் அதனினும் பெரிய கடன்.