வாலை ஊன்றி நிற்கும் பொய்

சென்ற மே மாதம் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், புத்தக அலமாரிப் பக்கம் தடதடவென்று சத்தம். எலி என்று நினைத்து எழுந்துபோய் லைட்டைப் போட்டேன். டிரனோசாரஸ் ரெக்ஸ் முகம் குப்புறக் கிடந்தது. விழும்போது பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தது. ட்ரைசெராடாப்ஸ் மட்டும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றது.

விழுந்தது மட்டமான பொம்மை இல்லை. என்னிடம் இருப்பதிலேயே ஆகச் சரியானது அதுதான். உடல் தரைக்கு இணையாக நீண்டிருக்கும், வால் அந்தரத்தில் இருக்கும், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும், பாதங்கள் எலும்புக்கூட்டின் அளவுக்குப் பொருந்தும். வாங்கிய புதிதில் கச்சிதமாக நின்றது. சென்னை வெயிலில் கணுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வளைந்து, ஒரு ராத்திரி எல்லை தாண்டிவிட்டது. அதே அலமாரியில், துடுப்பு மாதிரி பாதங்கள் வைத்த பழைய மலிவு டி-ரெக்ஸ் ஒன்று வருஷக்கணக்காக அசையாமல் நிற்கிறது.

(சேகரிப்பாளர்கள் இவற்றை ஃபிகர் என்பார்கள். தமிழில் ‘ஃபிகர் சேகரிக்கிறேன்’ என்று சொன்னால் வேறு அர்த்தம் வந்துவிடும். எனவே பொம்மை என்றே எழுதுகிறேன்.)

இந்தப் பொம்மைகளை மதிப்பிடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அறிவியல்படி சரியா? தானாக நிற்குமா? இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். எனக்கு இந்த முறை போதாது என்று தோன்றுகிறது. நிற்க வைப்பதற்காக ஒரு சிற்பி எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அந்த விட்டுக்கொடுத்தலை அவர் எங்கே வைக்கிறார், நம் கண்ணில் படும்படியா, விலங்கின் உடம்புக்குள் ஒளித்தா என்பதைத்தான் விமர்சனம் பார்க்க வேண்டும்.

*

முதலில் ஏன் விழுகிறது என்று பார்ப்போம். ஒரு பொருளின் எடை மையத்திலிருந்து நேர்க்கீழே கோடு போட்டால், அந்தக் கோடு கால்கள் தொடும் பரப்புக்குள் விழ வேண்டும். வெளியே போனால் பொருள் சாயும். ட்ரைசெராடாப்ஸுக்கு நாலு கால் என்பதால் அந்தப் பரப்பு பெரிது. டி-ரெக்ஸ் போன்ற தெரோபாடுகளுக்கு இரண்டே கால், அதுவும் விரல்களில் நிற்கிற கால். அவற்றின் புதைபடிவக் காலடித் தடங்களைப் பார்த்தால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும். ஆக, சரியாகச் செதுக்கச் செதுக்கத் தாங்குபரப்பு குறுகிக்கொண்டே போகும்.

அடுத்த பிரச்சினை கண்ணுக்குத் தெரியாதது. உயிருள்ள தெரோபாடின் உடம்பு முழுக்க ஒரே அடர்த்தி கிடையாது. பறவைகளைப் போல அதற்கும் காற்றுப்பைகள் இருந்தன. கழுத்து முள்ளெலும்புகளில் காற்றறைகள் இருந்தன. இடுப்புக்கு முன்னால் இருக்கும் பாதி, பார்ப்பதற்குத் தெரிவதைவிட லேசானது. பின்னால் வாலிலோ கெட்டியான தசை. பொம்மை முழுக்க ஒரே பிவிசி. வெளி உருவம் நூறு சதம் சரியாக இருந்தாலும், உள்ளே காற்று இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நிறைந்தால் எடை மையம் முன்னால் நகர்ந்துவிடும். அத்தனை எடையையும் பென்சில் கனத்தில் இருக்கும் கணுக்கால் தாங்க வேண்டும். மென்மையாக்கிய பிவிசி, தொடர்ந்து பாரம் ஏற்றினால் மெதுவாக வளையும். சூட்டில் சீக்கிரமாக வளையும்.

ஆனால் துல்லியம் எப்போதுமே நிலைப்புக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2011இல் ஸ்காட் பெர்சன்ஸும் ஃபிலிப் கரியும் டி-ரெக்ஸின் வால் தசையை மறுபடி கணக்கிட்டு, அதுவரை வரைந்ததைவிட வால் தடிமனானது என்று காட்டினார்கள். அதைப் பின்பற்றுகிற சிற்பிக்குப் பின்பக்கம் கூடுதல் எடை இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பொம்மைகளின் சாட்டை வால் அறிவியலுக்கும் ஒத்துவரவில்லை, சமநிலைக்கும் உதவவில்லை.

*

இந்தச் சிக்கலுக்கு இதுவரை நாலு வழிகள் கண்டிருக்கிறார்கள்.

முதல் வழி, வாலைத் தரையில் ஊன்றி முக்காலி ஆக்குவது. சஃபாரி நிறுவனம் பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகத்தோடு சேர்ந்து 2015 வரை வெளியிட்ட கார்னகி வரிசையில் இதைப் பார்க்கலாம். அந்த வரிசையில் பெரும்பாலானவற்றைச் செதுக்கிய ஃபாரஸ்ட் ரோஜர்ஸ் லேசுப்பட்ட சிற்பி இல்லை. தோல் மடிப்பிலும் வண்ணத்திலும் அவர் காட்டிய நுணுக்கத்தை இன்றும் ரசிக்கிறேன். ஆனால் அவருடைய தெரோபாடுகள் பல, பின்னால் சாய்ந்து, வால் நுனியை ஊன்றிக்கொண்டு நிற்கின்றன. பெட்டியிலோ அருங்காட்சியகத்தின் பெயர்.

இரண்டாவது, பாதத்தைப் பெரிதாக்குவது. ஷ்லைக் பொம்மைகளில் இது அப்பட்டமாகத் தெரியும். சஃபாரியின் 2017 இறகு டி-ரெக்ஸ் அந்தக் காலத்து அறிவியலை மிகக் கவனமாகப் படித்துச் செய்தது. அதன் காலடியிலும் கோமாளி ஷூ.

மூன்றாவது, பாறை, மரத்தடி என்று பீடம் வைப்பது. ரெபார் இதைச் செய்திருக்கிறது. நடராஜரின் பீடத்தையும் திருவாசியையும் யாரும் குறையாகச் சொல்வதில்லை. பீடம் பீடமாகவே தெரிகிறது, அவ்வளவுதான்.

நாலாவது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குச்சி. சீனாவின் பிஎன்எஸ்ஓ நிறுவனம் தன் தெரோபாடுகள் பலவற்றோடு இதைப் பெட்டியிலேயே வைத்துத் தருகிறது. வயிற்றுக்கடியில் குச்சியைக் கொடுத்துவிட்டால் கணுக்காலுக்கு நிம்மதி. பாதத்தை அளவோடு செதுக்கலாம், வாலைத் தூக்கி வைக்கலாம். ‘இவ்வளவு காசு கொடுத்து வாங்கினதுக்கு ஊன்றுகோலா?’ என்று கேட்கிறவர்கள் நிறைய. முதன்முதலாகப் பார்த்தபோது நானும் முகம் சுளித்தேன்.

*

இப்போது சுளிப்பதில்லை. அதற்குக் காரணம் என் தொழில்.

மென்பொருளில் ஒரு பிரச்சினையைச் சரியாகத் தீர்க்க முடியாதபோது ஒர்க்அரவுண்ட் போடுவோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பக்கத்திலேயே ‘இது தற்காலிக ஏற்பாடு, இந்தக் காரணத்துக்காக’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். எழுதாமல் விட்டால்தான் வினை. மூன்று வருஷம் கழித்து வருகிறவர் அந்த ஒட்டுவேலையைத்தான் சிஸ்டத்தின் விதி என்று நினைத்து, அதன் மேல் இன்னும் நாலு மாடி கட்டிவிடுவார்.

பிளாஸ்டிக் குச்சி, குறிப்பு எழுதி வைத்த ஒர்க்அரவுண்ட். ஊன்றிய வால், குறிப்பு எழுதாத ஒர்க்அரவுண்ட்.

அது விதியாக மாறுமா என்றால், மாறியிருக்கிறது. பெல்ஜியத்தின் பெர்னிசாரில் 1878இல் கிடைத்த இகுவானோடான்களை லூயி டொலோ கங்காரு மாதிரி நிமிர்த்தி நிறுத்தினார். அதன் வால் எலும்பாகிப்போன தசைநாண்களால் விறைப்பாக இருந்தது. அப்படி வளைக்க வேண்டுமானால் ஒடிக்கத்தான் வேண்டும் என்று பின்னால் 1980இல் டேவிட் நார்மன் எடுத்துக்காட்டினார். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1915இல் டி-ரெக்ஸை நிறுத்தியபோதும் இதே கதைதான்: நிமிர்ந்த உடல், தரையில் இழுபடும் வால். அந்தக் காலத்து விலங்கியல் புரிதல் அப்படி இருந்தது. 1970இல் நியூமன் அந்த நிலை தவறு என்று கட்டுரை எழுதினார். நியூயார்க் எலும்புக்கூட்டை வால் தூக்கிய நிலைக்கு மாற்ற 1990கள் ஆயின. இடைப்பட்ட காலத்துப் பொம்மைகள், புத்தகங்கள், சினிமாக்கள் பலவும் 1915ஐத்தான் பார்த்துச் செய்தன. அருங்காட்சியகம் திருத்திக்கொண்ட பிறகும், பொம்மை மட்டும் நிற்பதற்காகப் பழைய தவறுக்குத் திரும்பிப் போனது. கார்னகி முக்காலிகளில் என்னை உறுத்துவது இதுதான்.

இந்தத் தந்திரம் டைனோசருக்கு முன்பே சிற்பக் கலையில் உண்டு. மாட்ரிட்டில் பியெத்ரோ தாக்கா 1640இல் முடித்த நான்காம் ஃபிலிப்பின் வெண்கலச் சிலையில், குதிரை முன்னங்கால்கள் இரண்டையும் தூக்கி நிற்கிறது. எடை பின்னங்கால்களில் இறங்குகிறது. சத்தமில்லாமல் கொஞ்சம் வாலிலும். முன்பாதியை உள்ளீடற்றதாக, பின்பாதியைக் கனமாக வார்க்கச் சொன்னது கலிலியோ என்று ஒரு கதையும் உண்டு. டி-ரெக்ஸின் காற்றுப்பைகளும் வால் தசையும் செய்த அதே வேலை! அந்தக் குதிரையை நான் குறை சொல்ல மாட்டேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் தெருவில் நிஜக் குதிரையைப் பார்த்தவர்கள். குதிரை வாலை ஊன்றாது என்று அவர்களுக்குத் தெரியும். டி-ரெக்ஸை யார் பார்த்தது? நம்மில் பலருக்கு அந்த விலங்கைப் பற்றிய ஒரே நேரடிச் சாட்சி கையில் இருக்கும் பொம்மைதான். அது தப்பாகச் சொன்னால் திருத்த வேறு ஆள் இல்லை.

*

‘சின்னப் பிள்ளைங்க விளையாடுற சாமானுக்கு இவ்வளவு பேச்சா? நிக்கணும், உடையக் கூடாது, அது போதும்’ என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உதிரியாக ஒரு குச்சி வந்தால் குழந்தை வீட்டில் அது இரண்டு நாள் கூடத் தங்காது.

அக்கா பையனுக்கு ஏழு வயது. வீட்டுக்கு வந்தபோது குச்சி வைத்த ஒன்றை எடுத்துப் பார்த்தான்.

“மாமா, இது எதுக்குக் குச்சி?”

“இல்லன்னா விழுந்துடும்டா.”

“நிஜ டி-ரெக்ஸ் விழாதா?”

“விழாது.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’-க்குப் பதில் சொல்ல எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவனை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். கணுக்கால் விடாமல் ஆடுவதைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். உயிருள்ளது நிற்பது என்றால் கணத்துக்குக் கணம் விழப்போய், கணத்துக்குக் கணம் திருத்திக்கொள்வது. பொம்மைக்கு அந்த வசதி இல்லை. குச்சி அந்த இடத்தை நிரப்புகிறது. இதெல்லாம் அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ. பாதி பேச்சிலேயே குச்சியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டி-ரெக்ஸை இடுப்பில் பிடித்துக்கொண்டு சோபா மேல் ஓட விட்டான்.

இரண்டு விஷயங்கள் அப்போது உறைத்தன. பெரிய பாதம் வைத்த பழைய பொம்மையோடும் அவன் பல நாள் விளையாடியிருக்கிறான். அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அடுத்தது, விளையாட்டில் பெரும்பாலான நேரம் பொம்மை கையில்தான் இருக்கிறது. கைதான் குச்சி. மாதக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என் அலமாரி. குழந்தைகளுக்காக என்று சொல்லிச் செய்யும் சமரசங்களில் ஒரு பங்காவது என்னைப் போன்ற முப்பது தாண்டியவர்களின் ஷோகேஸுக்காக.

*

‘சரியான’ நிலை என்று ஒன்று தயாராக இருக்கிறதா என்றும் கேட்கலாம். ஸ்பைனோசாரஸ் இதற்கு நல்ல உதாரணம். 2014இல் நிசார் இப்ராஹிமும் குழுவினரும், அதன் பின்னங்கால்கள் குட்டை, எடை மையம் இடுப்புக்கு வெகு முன்னால், எனவே தரையில் இரண்டு காலில் நடப்பது கஷ்டம் என்றார்கள். உடனே நான்கு காலில் நிற்கும் ஸ்பைனோசாரஸ் பொம்மைகள் வந்தன, அலமாரிக்குக் கொண்டாட்டம். 2018இல் டொனால்ட் ஹெண்டர்சன் கணினியில் உடலைக் கட்டி, நுரையீரல் இடத்தைக் கழித்துக் கணக்கிட்டு, எடை மையம் இடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். 2022இல் இன்னொரு குழுவும் அது இரண்டு காலில் நடந்திருக்கும் என்று சொன்னது. அதை வழிநடத்திய பால் செரெனோ 2014 கட்டுரையிலும் கூட்டாசிரியர்.

அலமாரியில் நாம் கேட்கிற ‘இது நிற்குமா?’ என்ற கேள்வியை ஆய்வாளர்களும் கேட்கிறார்கள். அடர்த்தி, காற்றுப்பை, வால் எடை என்று அதே பொருட்களை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரே வித்தியாசம், தங்கள் ஊகங்களை அவர்கள் எழுதி வைக்கிறார்கள். அதனால்தான் அடுத்தவர் வந்து திருத்த முடிகிறது. நான்கு கால் ஸ்பைனோசாரஸ் செய்த சிற்பி 2014 கட்டுரையை நம்பிச் செய்திருந்தால், அது பின்னால் தவறானாலும் நேர்மையான தவறு. நிற்பதற்கு வசதி என்று அந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருந்தால் கதை வேறு. பொம்மையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

எனவே தயாரிப்பாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பெட்டியின் பின்பக்கம் விலங்கின் பெயர், காலம், நீளம் எல்லாம் அச்சடிக்கிறீர்கள். கூடவே ஒரு வரி சேருங்கள்: ‘நிற்பதற்காகப் பாதம் பெரிதாக்கப்பட்டுள்ளது’, ‘நிற்பதற்காக வால் ஊன்றப்பட்டுள்ளது.’ அப்படி எழுதிவிட்டால் முக்காலி டி-ரெக்ஸ்மீதுகூட எனக்கு வருத்தமில்லை.

விழுந்த என் டி-ரெக்ஸின் காலை வெந்நீரில் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, ஐஸ் தண்ணீரில் வைத்து இறுக்கினேன். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அடுத்த மே வரை தாங்கலாம். இருந்தாலும் வயிற்றுக்கடியில் ஒரு அக்ரிலிக் குச்சி கொடுத்திருக்கிறேன், முன்பக்கமாக, பார்த்ததும் தெரிகிற மாதிரி.