வகைப்படாத ‘ஏ’

மேற்கு வங்கத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் மூக்குத்தொண்டை மாதிரி 2024 மார்ச் 5ஆம் தேதி கொல்கத்தாவின் வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது. இன்ஃப்ளூயன்சா ஏ இருப்பது தெரிந்தது. அதன் துணைவகை தெரியவில்லை. அதே மாதிரி புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. எச்9என்2 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் அது என்று ஏப்ரல் 26ஆம் தேதி உறுதியானது. உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் போன நாள் மே 22. மாதிரி ஆய்வகத்துக்குப் போனதற்கும் பெயர் தெரிந்ததற்கும் இடையே 52 நாள். பெயர் தெரிந்ததற்கும் சொன்னதற்கும் இடையே இன்னும் 26 நாள்.

இந்தத் தேதி வரிசையைத்தான் திறனாய்வுக்குரிய பிரதியாக இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு முறைமையின் தரம் அதன் வழிகாட்டி நூலில் பாதியும், அது நடந்துகொண்ட நாட்களில் மீதியும் இருக்கிறது. செங்கல்பட்டு வாசகர் இதை வங்கத்துச் செய்தியாக ஒதுக்க இயலாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் நாளை ஐயத்துக்குரிய ஒருவர் படுத்தால், அவரது மாதிரியும் இப்படிப் படிப்படியாகத்தான் ஏறும்: மாவட்டம், கிண்டி கிங் நிலையம், புனே. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள். முட்டுக்காடு, ஒதியூர் கழிமுகங்களில் வலசைப் பறவைகள் இறங்குகின்றன. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மந்தைகள் மேய்கின்றன. வீட்டுப் புறக்கடையில் கோழி திரிகிறது. வலசைப் பறவையை நம் மக்கள் அருகே சென்று தொடுவதில்லை, ஆனால் வாத்தையும் கோழியையும் தினமும் தொடுகிறார்கள். கவனம் வேண்டியது அங்கேதான்.

முதலில் நிறை. மாதிரி எடுக்கும் விதி நுட்பமாகவும் காரணத்தோடும் எழுதப்பட்டிருக்கிறது. பருவக் காய்ச்சல் வைரஸ் மூச்சுப்பாதையின் மேல்பகுதியில் பற்றிக்கொள்ளும். எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரஸ் பற்றிக்கொள்ள விரும்பும் ஏற்பிகள் மனிதருக்கு நுரையீரலின் ஆழத்திலும் கண்ணின் மேற்பரப்பிலும் மிகுதி. ஆகவே மூக்குத் தடவலோடு தொண்டைத் தடவலும், நோய் கடுமையானால் ஆழ்சளி அல்லது நுரையீரல் கழுவுநீரும், கண் சிவந்திருந்தால் இமையுள் தடவலும் எடுக்கச் சொல்கிறது விதி. 2024இல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் பால்பண்ணைத் தொழிலாளி ஒருவருக்குக் கண் சிவந்தது தவிர வேறு பெரிய அறிகுறி இல்லை. அவரது கண் மாதிரியில் வைரஸ் ஏராளம், மூக்குத்தொண்டை மாதிரியில் மிகச் சொற்பம். மூக்கை மட்டும் தடவியிருந்தால் நோய் நழுவியிருக்கக்கூடும். குறையும் இங்கேயே தொடங்குகிறது. கொரோனா ஆண்டுகளில் பழகிய கை மூக்கைத்தான் தேடிப் போகிறது. பஞ்சு சுற்றிய மரக்குச்சி கூடாது, செயற்கை இழைத் தடவி வேண்டும்; 2 முதல் 8 டிகிரிக் குளிரில் 72 மணி நேரம் வைக்கலாம், அதற்கு மேல் என்றால் மைனஸ் 70 டிகிரி. இந்த எண்கள் அன்றாடக் கைப்பழக்கம் ஆகாதவரை விதியின் நுட்பம் தாளிலேயே தங்கிவிடும்.

அடுத்து ஆய்வக மேசை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக உயிரிப் பாதுகாப்புக் கையேடு 2020இல் நான்காம் பதிப்பாக வந்தபோது, நான்கு நிலைகளாக ஆய்வகங்களைப் பிரிக்கும் பழைய கட்டமைப்பைத் தளர்த்தி, செய்யும் வேலையின் இடரைப் பார்த்துப் பாதுகாப்பை முடிவு செய்யச் சொன்னது. சிந்தனை அளவில் இது பெரிய முன்னேற்றம். ஒரே வைரஸைப் பற்றிய இருவேறு வேலைகள் ஒரே அபாயம் உடையவை அல்ல. மாதிரியைச் சிதைப்புக் கரைசலில் கலந்து வைரஸை செயலிழக்கச் செய்து ஆர்.டி.-பி.சி.ஆர். பார்ப்பது ஒரு வேலை. உயிருள்ள வைரஸை செல்களில் பெருக்குவது வேறு வேலை. முன்னதை இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புப் பெட்டி, என்95 முகக்கவசம், கூடுதல் கட்டுப்பாடு ஆகியவற்றோடு நல்ல மாவட்ட ஆய்வகம் செய்யலாம். பின்னதை உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு வெளியே நினைத்தே பார்க்கக் கூடாது. எனினும் புதிய பதிப்பு கட்டடத்திடமிருந்து எடுத்த பொறுப்பை மனிதரின் தீர்ப்பிடம் ஒப்படைத்திருக்கிறது. குப்பியைத் திறப்பது, குலுக்குவது, சென்ட்ரிபியூஜில் சுழற்றுவது எல்லாம் வைரஸ் இன்னும் உயிரோடு இருக்கும் சில நிமிடங்களில் நடப்பவை. அந்த நிமிடங்களின் இடரை எடைபோடும் பயிற்சி லேப் டெக்னீஷியனுக்கு இருந்தால்தான் அப்பதிப்பின் சுதந்திரம் பயன்படும்.

கட்டடத்தை நம்பியோரின் வரலாறும் சொல்லத்தக்கதே. 2014இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இன்ஃப்ளூயன்சா ஆய்வகம் வேளாண் துறை ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய சாதுவான எச்9என்2 வைரஸில் கொடிய எச்5என்1 கலந்திருந்தது. குறைந்தது 90 நிமிடம் எடுக்க வேண்டிய வேலை 51 நிமிடத்தில் முடிக்கப்பட்டிருந்தது என்று விசாரணை கண்டது. தவறு தெரிந்த பிறகும் தலைமைக்குச் செய்தி எட்ட வாரங்கள் ஆயின. உலகின் மிகச் சிறந்த சுவர்களுக்குள் நடந்த பிழை அது. அவசரமும் மௌனமும் சேர்ந்தால் எந்தச் சுவரும் போதாது என்பதால், மாவட்ட ஆய்வகம் கட்டடக் குறையைச் சொல்லி விலகவும் முடியாது, பெரிய ஆய்வகம் கட்டடத்தைக் காட்டி நிம்மதி கொள்ளவும் முடியாது.

கழிவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் ஆய்வகக் கழிவை அந்த இடத்திலேயே கிருமி நீக்கிய பின்னரே வெளியே அனுப்பச் சொல்கின்றன. தெளிவான விதி. அனுப்புதலும் அப்படியே: கசியாத முதற்குப்பி, உறிஞ்சும் பொருளோடு இரண்டாம் உறை, உறுதியான வெளிப்பெட்டி, நோயறியும் மாதிரிக்கு ஐ.நா. எண் 3373, வளர்த்தெடுத்த வைரஸுக்கு அதைவிடக் கடுமையான 2814. உலர் பனிக்கட்டி வைத்தால் வாயு வெளியேற வழி விட வேண்டும், இல்லையேல் பெட்டி வெடிக்கும். மூன்று அடுக்குப் பெட்டியின் கோட்பாட்டில் குறை காண ஒன்றுமில்லை.

ஆக, ஒரு முனையில் விதி நன்று, மறு முனையில் புனே நன்று. பழுது நடுவில் இருக்கிறது. நம் ஆய்வகங்களின் வழக்கமான சோதனை பருவக் காய்ச்சலின் எச்1, எச்3 வகைகளைத் தேடுகிறது. ‘ஏ உண்டு, எச்1 இல்லை, எச்3 இல்லை’ என்று விடை வரும்போது அந்த இல்லை–இல்லையே ஓர் எச்சரிக்கை. வைரஸ் அளவு மிகக் குறைவாக இருந்தாலும் அவ்விடை வரலாம் என்பது உண்மை; அளவு நிறைய இருந்தும் வகை தெரியவில்லை என்றால் ஐயம் பன்மடங்காக வேண்டும். 2021 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் இறந்த 11 வயதுச் சிறுவனின் மாதிரியில் இதே விடை வந்தது. புனே அதே மாதத்தில் எச்5என்1 என்று உறுதி செய்தது. இந்தியாவில் எச்5என்1 தொற்றால் பதிவான முதல் மனித இறப்பு அது. நாட்டின் தலையாய மருத்துவமனையின் மாதிரி என்றபோது முறைமை விரைந்தது. வங்கத்துக் குழந்தைக்கு அது 52 நாள் எடுத்தது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்துச் சிறுமி இறந்த பிறகே எச்5என்1 உறுதியானது.

எச்9என்2 பெரும்பாலும் லேசான நோய், குழந்தையும் வீடு திரும்பியது, தாமதத்தால் கேடு விளையவில்லை என்று ஒரு வாதம் எழலாம். அதை ஏற்க இயலாது. அந்த 52 நாளும் அது எச்9என்2 என்று யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத ‘ஏ’வை எச்5 என்று கொண்டு நடந்திருக்க வேண்டும், முடிவு தெரிந்தபின் கிடைத்த ஆறுதலை முன்தேதியிட்டு வரவு வைக்கக் கூடாது.

நாடு முழுவதன் சுமையும் புனேயின் தலையில் இருப்பதால் முழுப் பழியும் புனேக்கு உரியதல்ல. மையப்படுத்தலை ஆதரிப்போரின் கவலையிலும் நியாயம் உண்டு: ஒரு மாவட்டத்திலிருந்து தவறாக ‘எச்5 உண்டு’ என்று வந்துவிட்டால் நாமக்கல் வரை கோழிப் பண்ணைகள் நொறுங்கும். ஆனால் இந்தக் கவலை உறுதிப்படுத்தலைப் புனேயிடம் வைத்திருக்கவே வாதமாகும். முதல் ஐயத்தையும் அங்கேயே வைக்க வாதமாகாது. எச்5, எச்7, எச்9 தேடும் பி.சி.ஆர். செயலிழந்த மாதிரியில் நடப்பது. பாதுகாப்பைக் குறைக்காமல் விரைவைக் கூட்டும் வழி கைவசம் இருக்கும்போது, இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்தும் ஏற்பாடு முறையியல் பிழை.

என் தீர்ப்பு இது: மாதிரியைக் காக்கும் கலையில் இம்முறைமை தேர்ச்சி பெற்றிருக்கிறது, மாதிரியைச் சந்தேகிக்கும் கலையில் தேறவில்லை. மாநில நிலையிலேயே பறவை வகைகளுக்கான முதற்சோதனை நடக்க வேண்டும். வகைப்படாத ‘ஏ’ வந்த அன்றே மறுபாதி மாதிரி புனேக்குக் கிளம்ப வேண்டும். விடைக்குக் காத்திராமல் ஒசல்டாமிவிர் மருந்து தொடங்க வேண்டும். பறவை மாதிரி போபாலின் விலங்கு நோய் ஆய்வகத்துக்கும் மனித மாதிரி புனேக்கும் தனித்தனியே போகும் நிலையில், மாவட்டத்துக் கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் அன்றைக்கே பேசிக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ மாதிரியோடு செல்லும் படிவத்தில் ஒரு கேள்வி கட்டாயமாக நிரப்பப்பட வேண்டும்: கடந்த 10 நாளில் கோழி, வாத்து, செத்த பறவை எதையாவது தொட்டீர்களா? அந்தக் கட்டம் காலியாக வரும் மாதிரியை, பெட்டி எத்தனை அடுக்கு என்று பாராமல், திருப்பிக் கேட்கும் உரிமை ஆய்வகத்துக்கு வேண்டும்.