ஆனந்தரங்கர் நாட்குறிப்பில் முரசொலியும் மக்கள் குரலும்

போரைப் பாடாத பேரிலக்கியம் உலகில் அரிது. தமிழும் அதற்கு விலக்கன்று. வெட்சி முதலாகப் போர்த்துறைகளை முறைப்பட வகுத்து இலக்கணம் கண்ட மொழி நம் மொழி. ஆயினும், போரைப் பாடுதல் ஒன்று. போரைப் பற்றி அரசு கூறும் கூற்றை ஆராய்தல் மற்றொன்று. முன்னதில் நம் இலக்கியம் வளமுடையது; பின்னதற்கு நம் உரைநடையில் சான்று உண்டா என்பது ஆராய்தற்குரியது. உண்டு என்பதும், அச்சான்று புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பு என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

நாட்டுப் பின்னணி

புதுச்சேரிக்கு வடக்கே, இடையஞ்சாவடி முதலிய சிற்றூர்களைத் தாண்டி, கழுவேலி ஏரியையும் மரக்காணத்து உப்பளங்களையும் கடந்து, ஆலம்பரை வரையில் நீண்டு கிடப்பது ஒரு கடற்கரை நாடு. பழந்தமிழ்க் காலத்தில் இஃது ஓய்மானாட்டைச் சார்ந்தது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. அப்பாட்டில் உமணரின் உப்பு வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. வறிய பாணன் அச்சமின்றி ஊர்தோறும் உணவு பெற்று நடக்கின்றான். வழி என்பது உப்புக்கும் பாட்டுக்கும் உரியதாய் இருந்த நிலையை அப்புலவர் நமக்குக் காட்டுகின்றார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வழி படைகளுக்கு உரியதாயிற்று. 1750இல் செஞ்சிக்கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி பூசி கைப்பற்றினான். அவ்வாண்டிலேயே ஆலம்பரைக் கோட்டை முசபர்சங்கால் டூப்ளேக்கு அளிக்கப்பட்டது. பத்தாண்டு கழிந்து, 1760 சனவரி 22இல் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுக்காரர் தோற்றனர். சில கிழமைகளில் பெருமுக்கல்லும் ஆலம்பரையும் ஆங்கிலேயர் கைப்பட்டன. ஆலம்பரைக் கோட்டை இடிக்கப்பட்டது. கடலோரத்தே அதன் இடிபாடு இன்றும் நிற்கின்றது. ஒரு தலைமுறைக்குள் இத்தனை கொடிகள் ஏறி இறங்கிய நிலத்தில், ஒவ்வொரு கொடியும் மக்களின் நன்மைக்காகவே வந்ததாக அறிவித்துக்கொண்டது. 'சாவடி' என்பது வழிப்போக்கர் தங்கும் இடம் மட்டுமன்று. ஊரார் கூடிச் செய்தி கேட்கும் இடமுமாம். அரசு பறையறைந்து சொல்லிய செய்தியும், வழிநடந்தோர் கண்ணாற் கண்டு சொல்லிய செய்தியும் முட்டிக்கொள்ளும் இடம் அது. ஆனந்தரங்கரின் நாட்குறிப்பை அத்தகைய ஒரு சாவடி எனலாம்.

நூலின் இயல்பு

ஆனந்தரங்கர் 1709இல் சென்னையைச் சார்ந்த பெரம்பூரில் பிறந்தவர். புதுச்சேரியில் வணிகராய் உயர்ந்து, டூப்ளேயின் ஆட்சியில் தலைமைத் துபாசியானவர். 1736 செப்டம்பரில் தொடங்கிய அவர்தம் நாட்குறிப்பு அவர் வாழ்வின் இறுதிக் காலம் வரையில் நீள்கின்றது. 1846இல் கலுவா மொம்பிரேன் என்பார் அதனைக் கண்டெடுத்தார். சென்னை அரசினர் 1904 முதல் 1928 வரையில் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். தமிழ் மூலம் அச்சேறுதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழில் எழுதப்பட்ட ஒரு நூல் ஆங்கிலத்தில் முந்தி வந்தமையால், வரலாற்றாசிரியர்க்கு அது சான்றாயிற்றேயன்றி, இலக்கியத் திறனாய்வாளர்க்கு நூலாகவில்லை.

இந்நூலைப் பற்றி இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. 'இஃது ஆளுநரைப் புகழும் அடியார் ஒருவரின் குறிப்பு' என்பது ஒன்று. 'இஃது அன்றாட நடப்பின் பதிவேடு. இதில் கருத்தென ஒன்றில்லை' என்பது மற்றொன்று. இரண்டும் முழுமையல்ல. புகழ்ச்சி மிகுதியும் உண்டு. நாள், கிழமை, நாழிகை, பீரங்கி முழக்கத்தின் எண்ணிக்கை ஆகியனவும் உண்டு. ஆனால் அரசு தன்னைப் பற்றிக் கூறியதும், தாம் கண்டதும் கேட்டதும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்குமாறு அவர் எழுதினார். அவ்விரண்டையும் ஒத்துப்பார்க்கும் வாய்ப்பை நமக்கு அளித்தமையே இந்நூலின் பெருமை. மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை விளக்குவோம்.

சென்னை கைப்பற்றப்பட்ட ஆண்டு

1746 செப்டம்பரில் லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றினான். சென்னையைப் பிடித்து ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீனிடம் ஒப்புவிப்பதாக டூப்ளே முன்னரே சொல்லியிருந்தான். பிடித்தபின் ஒப்புவிக்கவில்லை. அதன் விளைவே அடையாற்றுப் போர். பணம் பெற்று நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரோடு லபூர்தொனே செய்த உடன்படிக்கையும் அவ்வாறே தள்ளப்பட்டது. ஆங்கில ஆளுநர் மோர்சும் அவரைச் சார்ந்தோரும் புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டுத் தெருக்களில் ஊர்வலமாக நடத்தப்பட்டனர்.

அவ்வூர்வலம் யாரை நோக்கியது? ஆங்கிலேயரை நோக்கியதன்று, அவர்கள் தம் தோல்வியை முன்னரே அறிவர். தெருவோரத்தில் நின்ற தமிழ் மக்களை நோக்கியது அது. அச்சுத்தாள் இல்லாத காலத்தில் தெருவே செய்தித்தாள். சிறைப்பட்டோரே அதன் எழுத்துக்கள். இதே காலத்தில் சென்னை வணிகரைப் புதுச்சேரிக்குக் குடிபெயரச் செய்ய டூப்ளே பெரிதும் முயன்றான். நல்லாட்சி வந்தது என்று அறிவிக்கப்பட்ட நகரின் வணிகர், அவ்வாட்சியின் கீழ் வாழ அழைத்தும் அச்சுறுத்தியும் அசையத் தயங்கினர். நாட்குறிப்பில் இம்முயற்சி திரும்பத் திரும்ப வருகின்றது. வெற்றி உண்மையென்றால் இத்தனை வற்புறுத்தல் எதற்கு என்ற வினாவை ஆசிரியர் எழுப்பவில்லை. படிப்போர் உள்ளத்தில் அது தானே எழுகின்றது.

1748 முற்றுகை

1748 ஆகத்து முதல் அக்டோபர் வரையில் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டான். முற்றுகை முறிந்ததும் டூப்ளே நன்றி வழிபாடு நடத்தினான். நாட்டு மன்னர் அவைகளுக்கெல்லாம் தன் வெற்றியை எழுதி அறிவித்தான். அவ்வோலைகள் கூறாத ஒரு செய்தியை நாட்குறிப்பு கூறுகின்றது. முற்றுகை நடந்த செப்டம்பரில், நகரினுள்ளே, தமிழ் மக்கள் வழிபட்ட வேதபுரீசுவரர் கோயில் ஆட்சியாளர் ஆணையால் இடிக்கப்பட்டது. பகைவன் மதிலுக்கு வெளியே இருந்தான். கோயில் மதிலுக்கு உள்ளே இருந்தது. காக்கப்படுவோர் என்று சொல்லப்பட்டவர் இழந்ததை அவருள் ஒருவரே எழுதிவைத்தார்.

இவ்விடத்துப் பிள்ளையவர்களின் நடை கருதத்தக்கது. அவர் அரசின் ஊழியர், வெளிப்படையாக எதிர்த்திலர். ஆளுநரிடம் பேசும்பொழுது இனிமையாகப் பேசுகின்றார். வீடு திரும்பி எழுதும்பொழுது வேறு குரலில் எழுதுகின்றார். ஆளுநர் மனைவியார்பால் தமக்குள்ள வெறுப்பையும் அவர் மறைக்கவில்லை. அவ்வெறுப்பில் தன்னலம் கலந்திருந்தது உண்மை. ஆயினும் கோயில் இடிந்தது தன்னலத்தின் கற்பனையன்று. சான்று கூறுவோன் தூயனாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. கண்டதைக் கூறுதல் வேண்டும் என்பதே முறை.

லாலியின் காலம்

1758இல் லாலி வந்திறங்கினான். கூடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினக் கோட்டையை நோக்கிச் சென்ற படைக்கு வண்டியும் மாடும் போதாமையால், புதுச்சேரி மக்களைச் சாதி வேறுபாடு பாராது சுமை தூக்கச் செய்தான். ஆங்கிலேயரை இந்தியாவினின்றும் அகற்றுதல் என்பது அவன் முழக்கம். அம்முழக்கத்தின் பாரம் யாருடைய தோளில் ஏறியது என்பது இதனாற் புலனாகும்.

1760இன் இறுதியில் அயர் கூட்டின் படை புதுச்சேரியை வளைத்தது. உணவு குறையவே, நவம்பரில் நகரின் தமிழ் மக்களை லாலி மதிலுக்கு வெளியே துரத்தினான். ஆங்கிலப் படை அவர்களைத் தன் எல்லைக்குள் விடவில்லை. ஏறத்தாழ 1400 பேர் இரு படைகளுக்கும் இடைப்பட்ட வெளியில் எட்டு நாள் புல்லின் வேரைத் தின்று கிடந்தனர் என அக்காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்மே எழுதியுள்ளார். இரு அரசுகளும் இம்மக்களின் பொருட்டே போரிடுவதாகக் கூறிக்கொண்டன. இரண்டும் அவர்களுக்கு இடம் தரவில்லை. படையெடுப்பின் மெய்ப்பொருளை அறிய விழைவோர்க்கு அவ்வெட்டு நாள் போதும். 1761 சனவரியில் நகர் வீழ்ந்தது. அதற்குச் சின்னாள் முன்னரே ஆனந்தரங்கர் மறைந்தார். ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். சென்னையில் பிரெஞ்சுக்காரர் கறுப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தது போன்றே இதுவும் நிகழ்ந்தது. குற்றம் ஒரு கொடிக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் தெளிவாகும்.

மரபும் புதுமையும்

இனி, இந்நூலைத் தமிழ்ப் போரிலக்கிய மரபினுள் எங்கு வைப்பது? பரணி வென்றோன் இலக்கியம். கலிங்கத்துப்பரணி கருணாகரத் தொண்டைமானின் கலிங்க வெற்றியைப் பாடுகின்றது. அதன் சொல்வளம் ஒப்பற்றது. எனினும் கலிங்கத்து உழவன் அதில் இல்லை. தோற்றோடிய வீரர் நகைப்பொருளாக மட்டுமே உள்ளனர். கவிச்சுவைக்காக அதனைப் போற்றுதல் தகும். சோழ அரசின் கூற்று அது என்பதை மறத்தல் தகாது.

புறநானூற்றில் வேறொரு மரபும் உண்டு. ஆவூரில் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர்கிழார், முற்றுகைக்குள் பாலின்றி அழும் குழவிகளைச் சுட்டிக் காட்டினார். உறையூர் முற்றுகையில், எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என்று இரு மன்னர்க்கும் எடுத்துரைத்தார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதம் கொண்டபோது, ஒளவையார் அப்பளபளப்பைப் புகழ்வது போல் எள்ளி நகைத்தார். காட்சியாக வைக்கப்படும் படைக்கலம் உண்மையில் எதனை மறைக்கின்றது எனக் கேட்ட முதற்குரல் தமிழில் அதுவே எனலாம்.

ஆனந்தரங்கர் இப்புலவர்போல் அவையில் நின்று மன்னனை இடித்துரைத்தவரல்லர். கோவூர்கிழாரின் சொல் போரை நிறுத்த முயன்றது. பிள்ளையவர்களின் ஏடு பெட்டிக்குள் இருந்தது. இவ்வேறுபாட்டைக் குறைத்துக் கூறுதல் கூடாது. மேலும், போரால் பொருள் ஈட்டியோருள் அவரும் ஒருவர். 1752இல் சீனிவாச கவி இயற்றிய ஆனந்தரங்க விசய சம்பு முதலிய புகழ்நூல்கள் அவர்மீதே எழுந்தன. ஆளுநர் முரசறைந்து பெற்ற புகழைத் துபாசி கவிகளால் பெற்றார். இக்குறையை ஒப்புக்கொண்ட பின்னரும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. சம்புவைப் படிப்போர் ஆனந்தரங்கரின் புகழை மட்டும் அறிவர். நாட்குறிப்பைப் படிப்போர் அவர் காலத்து மக்களின் அச்சத்தையும் அறிவர். புகழ்நூல் அவருக்காகப் பிறர் எழுதியது. நாட்குறிப்பு அவரே எழுதியது. தம் புகழுக்கு மாறான சான்றையும் தம் கையாலேயே விட்டுச்சென்றார்.

அதன் மொழியும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. பாரசீகமும் பிரெஞ்சும் போர்த்துக்கேயமும் விரவிய அப்பேச்சுத் தமிழைக் கொச்சை என ஒதுக்கினோர் உளர். ஆனால் செய்யுள் வழக்கில் எழுதியிருப்பின், வாகையும் தும்பையும் தாமே வந்து இடம் பிடித்திருக்கும். பாக்குக் கிடங்கில் அமர்ந்து பேசிய மொழியிலேயே எழுதியமையால், போரின் ஆரவாரச் சொல் உள்ளே நுழைதற்கு வாயில் குறைந்தது.

முடிவுரை

முதல் உலகப் போரில் அரசுகள் பரப்பிய பொய்களை ஆர்தர் பான்சன்பி 1928இல் ஒரு நூலாகத் தொகுத்தார். அவ்வகை ஆய்வு மேனாட்டார்க்கே உரியதென எண்ணவேண்டா. போர்க்கால அரசு நான்கு செயல்களை எங்கும் செய்கின்றது: பிறர் நன்மைக்கெனப் படையெடுப்பதாக அறிவிக்கின்றது, தோற்றோரைத் தெருவிற் காட்டுகின்றது, வென்றதை எழுதி, இடித்ததை எழுதாது விடுகின்றது, கூலியின்றிச் சுமப்போரைக் கடமை என்னும் சொல்லால் வாயடைக்கின்றது. நான்கும் 1746 முதல் 1761 வரையிலான புதுச்சேரியில் நிகழ்ந்தன.

நாட்குறிப்பைப் பயிலும் மாணாக்கர் அதனுள் டூப்ளேயின் பெருமையை மட்டும் தேடுதல் போதாது. பீரங்கி முழங்கிய எண்ணிக்கை வரும் ஒவ்வொரு பக்கத்திலும், அதே நாளில் நகரைவிட்டு நீங்கியோர் உளரா, இடிக்கப்பட்டது யாது, சுமந்தவர் யார் என வினவுதல் வேண்டும். நூலே பல இடங்களில் விடை தருகின்றது. விடை தராத இடத்தில் அம்மௌனமும் ஆராய்ச்சிக்குரியதே. மரக்காணத்து உப்பளங்களின் வழியே எத்தனையோ படைகள் சென்று மறைந்தன. உப்பு விளைவித்தோர் எஞ்சினர். அவர்தம் பெயரைப் பரணிகள் பாடவில்லை. அவர் பக்கம் நின்று அரசின் கூற்றைப் படிக்கக் கற்பித்தல் தமிழ்த் திறனாய்வின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.