தோல் கிடங்கு வீடாகுமா?

பழைய கிடங்குகளை இடிக்காமல் வீடுகளாகவும் கடைகளாகவும் மாற்றும் முறை இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. இதற்குச் சிறந்த மாதிரியாகக் காட்டப்படுவது லண்டன் டவர் பாலத்தை அடுத்த பட்லர்ஸ் வார்ஃப். தேயிலையும் நறுமணப் பொருள்களும் வந்திறங்கிய இந்தக் கிடங்குத் தொகுதி 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது; 1972-இல் மூடப்பட்டது. 1980-களில் தொடங்கிய சீரமைப்பால் அங்கே அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும் தோன்றின.

இது அமைந்துள்ள பெர்மண்ட்சி வட்டாரம் தோல் தொழிலுக்கும் பெயர் பெற்றது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட தமிழ்நாட்டுத் தோல்களுக்கு லண்டன் பெரிய சந்தையாக விளங்கிற்று. ஆகவே, தோல் வணிகத்தால் வளர்ந்த திண்டுக்கல் பேகம்பூருக்கு இந்த மாதிரி பொருந்துமா என்று ஆராய்வது பயனுள்ளது.

முதலில் நிறைகளைப் பார்ப்போம். செங்கற்சுவர்களும், தெருவுக்கு மேலே கட்டடங்களை இணைத்த இரும்புப் பாலங்களும் காக்கப்பட்டன. சிமெண்டுக்கான மூலப்பொருளைச் சூளையில் சுமார் 1,450 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்க வேண்டும். நிற்கும் சுவரைப் பயன்படுத்தினால் அந்த எரிபொருள் மிச்சம். தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும் என்பதும் நமக்கு நன்மையே.

குறை என்ன? மூட்டை சுமந்தவர்களின் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் அந்த வீடுகள் இல்லை. மற்றொன்று, அந்த மாதிரி நமக்குச் சொல்லாமல் விடும் செய்தி. தேயிலை வைத்த சுவர் வேறு, தோல் வைத்த சுவர் வேறு!

பச்சைத்தோல் அழுகாதிருக்க உப்பிடுவார்கள். அந்த உப்பு ஈரத்தில் கரைந்து தரையிலும் செங்கல்லிலும் ஊறும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு நீரை ஈர்த்துக் கரைகிறது. காய்ந்தால் மீண்டும் படிகமாகிறது. வளரும் படிகம் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். இதை மறைக்கச் சிமெண்டு பூசினால், ஈரம் வெளியேற வழியின்றி உப்பு உள்ளேயே அரிக்கும். புதிதாகப் பதித்த கம்பிகளும் துருப்பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளியே விடும். உப்பேறி உதிர்ந்தாலும் பூச்சுதான் போகும், சுவர் தப்பும்.

மண்ணும் நீரும் இன்னும் முக்கியம். 1996-இல் உச்ச நீதிமன்றம் திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்ததை மறக்கலாகாது. குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட இடமானால், குழந்தைகள் விளையாடப் போகும் முற்றத்தின் மண்ணையும் கிணற்று நீரையும் சோதிக்காமல் யாரையும் குடியேற்றக் கூடாது.

ஆகவே, பட்லர்ஸ் வார்ஃபிலிருந்து இடிக்காத பண்பை நாம் கற்கலாம். அதன் வரைபடத்தை அப்படியே நகல் எடுக்கலாகாது. பேகம்பூரில் தோல் வைத்திருந்த கட்டடத்தில் வீடோ கடையோ வாங்க நினைப்பவர், வண்ணப்பூச்சைப் பார்க்கும் முன் உப்பு, மண், நீர் ஆகிய மூன்றின் சோதனை முடிவுகளையும் கேட்டு வாங்க வேண்டும்.