தந்தையின் மௌனமும் மகனின் நூலும்

யுத்தத்திலிருந்து திரும்பிய தந்தையரைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய நூல்கள் ஆங்கிலத்தில் ஏராளம். தந்தை உயிரோடிருக்கையில் கேட்க முடியாமற்போன கேள்விகளை, அவர் இறந்தபின் பழைய பெட்டிகளிடமும் பதிவேடுகளிடமும் கேட்கும் நூல்கள் அவை. அவற்றுள் மிகப் பிரபலமான ஒன்று, ஜேம்ஸ் பிராட்லி என்பவர் ரொன் பவர்ஸ் உடன் சேர்ந்து எழுதி 2000இல் வெளியிட்ட ‘ஃபிளாக்ஸ் ஒஃப் அவர் ஃபாதர்ஸ்’. தமிழில் ‘எம் தந்தையரின் கொடிகள்’ எனலாம். 2006இல் கிளின்ட் ஈஸ்ட்வுட் இதனைத் திரைப்படமாக்கினார். நூல் வெளிவந்து பதினாறு ஆண்டுகளின் பின் அதன் அத்திவாரமே ஆட்டங்கண்டது. அதனாலேயே இதனை மீள வாசிக்க வேண்டியிருக்கிறது.

நூலின் மையத்தில் ஒரு புகைப்படம் உள்ளது. 1945 பெப்ரவரி 23ஆம் திகதி, ஐவோ ஜீமா தீவின் சூரிபாச்சி மலையுச்சியில் ஆறு அமெரிக்கப் படையினர் கொடிக்கம்பம் ஒன்றை நிமிர்த்துகின்றனர். ஜோ ரோசென்தல் எடுத்த இப்படத்தில் முகங்கள் தெளிவாகத் தெரியா. அறுவரில் மூவர் அத்தீவிலேயே மடிந்தனர். எஞ்சியோர் என அறிவிக்கப்பட்ட ஐரா ஹேய்ஸ், ரெனே கக்னன், ஜோன் பிராட்லி ஆகிய மூவரும் நாட்டுக்கு அழைக்கப்பட்டு, யுத்தக் கடன்பத்திரம் விற்பதற்காக ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டனர். அந்தக் கடன் திட்டத்தில் 2,600 கோடி டொலருக்கும் மேல் திரண்டது. கடற்படையின் மருத்துவ உதவியாளராக மரைன் படையினருடன் சென்ற ஜோன் பிராட்லியே நூலாசிரியரின் தந்தை.

யுத்தம் முடிந்தபின் ஜோன் பிராட்லி விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் மரணச் சடங்குகளை நடத்தும் நிலையமொன்றை வைத்திருந்தார். பத்திரிகையாளர் தொலைபேசியில் அழைத்தால், அப்பா கனடாவுக்கு மீன்பிடிக்கப் போயிருக்கிறார் என்று சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்கியிருந்தார். மணமான முதல் நான்கு ஆண்டுகள் அவர் உறக்கத்தில் அழுதார் என்பதை மனைவி பின்னர் சொல்லித்தான் பிள்ளைகள் அறிந்தனர். 1994இல் அவர் காலமானபின் அலுவலக அறையில் பெட்டிகள் கிடைத்தன. அவற்றுள் தந்தை தன் பெற்றோருக்கு எழுதிய கடிதம் ஒன்று. கொடியேற்றியதில் தனக்கும் சிறு பங்குண்டு, தன் வாழ்வின் மிக மகிழ்ச்சியான கணம் அது என்ற கருத்தில் மூன்று நாட்களின் பின் எழுதப்பட்டது. துணிவுக்கான உயர் விருதாகிய ‘நேவி குரொஸ்’ பதக்கத்தை அவர் பெற்றிருந்தார் என்பதும் அப்போதுதான் குடும்பத்துக்குத் தெரிய வந்தது.

மகன் அத்தோடு நிற்கவில்லை. ஏனைய ஐவரின் உறவினரைத் தேடிப் பேசினார். ஊர்களுக்குப் போனார். தாயுடனும் சகோதரருடனும் ஐவோ ஜீமாவுக்கே சென்று வந்தார். அவரது உழைப்பின் பயனாக, சிலையாக உறைந்துபோன ஆறு உருவங்கள் தாயும் வீடும் ஊரும் உள்ள பையன்களாகின்றன. பீமா பழங்குடியைச் சேர்ந்த ஐரா ஹேய்ஸ், வீரன் என்ற பட்டத்தைச் சுமக்க முடியாமல் குடியில் அழிந்து 1955இல் இறந்த கதையை நூலாசிரியர் பரிவோடு சொல்கிறார். நூலின் சிறந்த பகுதிகள் இவையே என்பேன்.

இனி நூலின் பலவீனத்துக்கு வருவோம். தந்தை ஏன் பேசவில்லை என்ற கேள்வியே நூலை நடத்திச் செல்கிறது. மகன் இரண்டு விடைகளைக் கண்டடைகிறார். ஒன்று, தந்தையின் அடக்கம். மற்றது, எதிரிகளிடம் அகப்பட்டு மடிந்த இக்னாடோவ்ஸ்கி என்ற நெருங்கிய நண்பனின் நினைவு. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால், அந்தப் படத்தில் இருப்பது தான்தானா என்ற ஐயம் தந்தைக்கு இருந்திருக்குமோ என்ற மூன்றாவது கேள்வி நூலில் எங்கும் எழவில்லை.

எழுவதற்கான காரணம் நூலுக்குள்ளேயே இருந்தது. படத்திலிருந்த ஒருவரை ஹாங்க் ஹான்சன் என்றே முதலில் அறிவித்தார்கள். அது ஹார்லன் புளொக் என்பதை ஐரா ஹேய்ஸ் அறிந்திருந்தும் வாய் திறக்க வேண்டாமெனப் பணிக்கப்பட்டார். மனம் பொறுக்காமல் 1946இல் டெக்சாஸுக்குச் சென்று புளொக்கின் தந்தையிடம் உண்மையைச் சொன்னார். 1947இல் பிழை திருத்தப்பட்டது. ஒரு பெயர் பிழைத்ததையும், பிழைத்ததை அறிந்தவன் அடக்கப்பட்டதையும் இவ்வளவு உருக்கமாக எழுதிய கை, மற்ற ஐந்து பெயர்களையும் ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

புரட்டிப் பார்த்தவர்கள் வேறு இருவர். அமெரிக்காவின் ஒமாஹா நகரைச் சேர்ந்த எரிக் கிரெல், அயர்லாந்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபோலி என்னும் அவ்விருவரும் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவர்களல்லர். அதே நாளில் எடுக்கப்பட்ட வேறு படங்களோடு இப்படத்தை ஒப்பிட்டனர். மற்றப் படங்களில் பிராட்லியின் காற்சட்டை நுனி மடிக்கப்பட்டிருக்கிறது, இதில் மடிக்கப்படவில்லை. இடுப்புப்பட்டியும் அதில் தொங்கும் பொருட்களும் மருத்துவ உதவியாளருக்கு உரியனவல்ல. 2014இல் ஒமாஹா பத்திரிகையொன்றில் இது வெளிவந்தது. 2016 மே மாதத்தில், படத்திலிருப்பவர் தன் தந்தை என்று தாம் இனி நம்பவில்லை என ஜேம்ஸ் பிராட்லியே கூறினார். ஜூன் மாதத்தில் மரைன் படை அதனை உத்தியோகபூர்வமாக ஏற்று, பிராட்லிக்குப் பதிலாக ஹரோல்ட் ஷுல்ட்ஸ் என்ற பெயரை அறிவித்தது. 2019இல் கக்னனின் பெயரும் நீங்கி ஹரோல்ட் கெல்லர் வந்தார்.

அப்படியாயின் அந்தக் கடிதம் பொய்யா? இல்லை. அன்றைய தினம் அம்மலையில் இரண்டு கொடிகள் ஏற்றப்பட்டன. காலையில் ஒரு சிறிய கொடி, பின்னர் அதற்குப் பதிலாகப் பெரிய கொடி. ரோசென்தலின் படம் இரண்டாவதற்குரியது. முதற் கொடியேற்றத்தில் ஜோன் பிராட்லி பங்குபற்றினார். கடிதம் சொன்னது உண்மை; மகன் அதைத் தவறான கொடியின் கீழ் வைத்து வாசித்தார். ஆவணம் பிழைக்கவில்லை, வாசிப்பே பிழைத்தது.

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்றும் யோசித்தேன். என் வாப்பா மௌத்தானபின் பாடசாலை மலரொன்றில் அவரைப் பற்றி எழுதினேன். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இரவில் அயலவரையெல்லாம் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர் என்று பலரும் சொல்லக் கேட்டதை எழுதியிருந்தேன். வாப்பா ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. அதை அடக்கம் என்றே விளங்கிக்கொண்டேன். மலர் வெளியான பின் அவருடைய கூட்டாளி ஒருவர் வந்தார். “மகன், அண்டைக்கு உங்கட வாப்பா ஊரிலயே இல்ல. நெல்லு வாங்கப் போன இடத்தில மாட்டிக்கிட்டாரு. மூணாம் நாள் நடந்துதான் வந்தாரு. வந்த கையோட மரம் வெட்டி வழியெடுத்தது, மையித்துகள அடக்கினது எல்லாம் அவருதான்” என்றார். அவர் போனபின் மலரை எடுத்து என் கட்டுரையை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. வாப்பா உண்மையில் செய்த வேலையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஜேம்ஸ் பிராட்லியின் நூலிலும் இதுவே நேர்ந்தது என்பது என் முடிபு. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெப்ரவரி 21ஆம் திகதி, குண்டு மழைக்குள் ஓடிக் காயப்பட்ட ஒருவனைக் காப்பாற்றியதற்கே அவரது தந்தைக்குப் பதக்கம் கிடைத்தது. அங்கே புகழ்பெற்ற புகைப்படக்காரர் எவரும் நிற்கவில்லை. நூலில் அச்சம்பவம் உண்டு. ஆனால் தலைப்பும் கட்டமைப்பும் கொடியையே நம்பி நிற்கின்றன. பதக்கத்தை நடுவில் வைத்து நூலைக் கட்டியிருந்தால் 2016 இன் அறிவிப்பால் அதன் ஓர் இதழ்கூட அசைந்திராது. அரசு தனக்குத் தேவையான வீரனைப் படத்தில் தேடியது. பெட்டியைத் திறந்த மகனும் அதே வீரனைத்தான் தேடினார்.

ஷுல்ட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தபால் சேவையில் வேலை செய்து 1995இல் இறந்த அவர், தான் படத்திலிருப்பதை உலகுக்குச் சொல்லவில்லை. ஒருமுறை இரவுணவின்போது மனைவியின் மகளிடம் சொன்னாராம். நீங்கள் வீரர் என்று அவள் சொல்ல, இல்லை, நான் ஒரு மரைன் என்பதோடு முடித்துக்கொண்டாராம். படத்தில் இருந்தவரும் பேசவில்லை, இல்லாதவரும் பேசவில்லை. மௌனத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம்மிடையே தந்தையர் பற்றிய நினைவுக் குறிப்புகளும் மலர்களும் பெருகி வருகின்றன. எழுதுவோர் இந்நூலை வாசிப்பது நல்லது. தமிழுக்குக் கொண்டுவர எவரேனும் முன்வரின், 2000ஆம் ஆண்டின் பிரதியோடு 2016இல் மகன் ஒப்புக்கொண்டதையும் கடைசி அத்தியாயமாகச் சேர்க்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத மொழிபெயர்ப்பு, ஏற்கெனவே திருத்தப்பட்ட பிழையை இங்கே புதிதாக அச்சிடுவதாகவே அமையும்.