ஆய்வாளரின் ரெஸ்யூமே: ஆவதும் ஆகாததும்

பி.எச்டி. முடித்தவர் கல்லூரிக்கு வெளியே வேலை தேடத் தொடங்கியதும் காதில் விழும் முதல் அறிவுரை, "சி.வி.யை ரெஸ்யூமே ஆக்குங்கள்" என்பதுதான். பத்துப் பன்னிரண்டு பக்கத்தை இரண்டாகக் குறையுங்கள், கட்டுரைப் பட்டியலைத் தூக்கிவிடுங்கள், செய்ததை எண்களோடு சொல்லுங்கள் என்று அந்தப் பாடம் நீள்கிறது. அதில் பாதி, ஆய்வாளருக்கு அதுவரை யாரும் செய்யாத நன்மையைச் செய்கிறது. மறுபாதி அவரை நேர்காணலில் மாட்டிவிடுகிறது.

இதைப் பிரித்துப் பார்க்கும் தேவை இப்போது கூடியிருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15இல் 1.17 லட்சம் பேர் பி.எச்டி. படித்துக்கொண்டிருந்தார்கள், 2021-22இல் அது 2.12 லட்சம். நிரந்தரக் கல்லூரி வேலைகள் அந்த வேகத்தில் பெருகவில்லை. தமிழ்நாட்டில் 2024 மார்ச்சில் அரசுக் கல்லூரிகளின் 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிக்கை வந்தது; அதற்கான தேர்வு தள்ளிப்போனது. அப்படிக் காத்திருக்கும் காலத்தில் கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தில் குடும்பம் ஓடவேண்டும், வயதும் முப்பதைத் தாண்டிவிடும். இவர்களில் பலர் மருந்து நிறுவனம், மென்பொருள், பதிப்பகம், தொண்டு நிறுவனம் என்று திரும்பத்தான் போகிறார்கள். அவர்கள் கையில் முதலில் இருப்பது அந்த நீண்ட சி.வி.தான்.

அது ஏன் அவ்வளவு நீளம்? ஆய்வாளருக்குச் சுருக்கத் தெரியவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். உண்மை வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கல்விச் செயல்பாடுகளுக்குப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தது. 2018 விதிமுறைகளில் அறிவியல் துறையின் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 8 புள்ளி, மொழி, சமூக அறிவியல் துறைகளுக்கு 10. வெளிநாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் அழைப்பின்பேரில் பேசினால் 7, மாநில அளவில் என்றால் 2. ஒவ்வொரு வரிக்கும் புள்ளி உண்டென்றால் எந்த வரியை யார் விடுவார்கள்? கல்லூரிச் சி.வி. என்பது சான்றிதழ் சரிபார்ப்புக்கு அடுக்கிக் கொடுக்கும் கோப்பு. அந்த இடத்தில் அதன் நீளம் குற்றமல்ல. வெளியே இருப்பவர் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இவரை எடுத்தால் எந்த வேலையை நம்பி ஒப்படைக்கலாம் என்று பார்க்கிறார். கேள்வியே மாறிவிட்டதால் பதிலும் மாறத்தான் வேண்டும். அந்த மட்டில் இந்த அறிவுரை நியாயமானது.

அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. சி.வி.யில் இடமே இல்லாத வேலைகளை ரெஸ்யூமே வெளியே கொண்டுவருகிறது. நம் ஆய்வகங்களில் ஐந்து ஆண்டு இருந்தவர் வெறும் ஆய்வா செய்தார்? ரசாயனம் வாங்க மூன்று கொட்டேஷன் திரட்டியவர் அவர். அரசின் ஜெம் தளத்தில் கொள்முதல் போட்டது, திட்ட நிதிக்குப் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் தயாரித்தது, கருவி பழுதானால் சர்வீஸ் இன்ஜினியரைத் துரத்திப் பிடித்தது, எம்.எஸ்சி. பிள்ளைகளின் புராஜெக்டை ஆரம்பம் முதல் வைவா வரை தூக்கிச் சுமந்தது எல்லாம் அவர்தான். கைடின் பெயரில் நடந்த தேசியக் கருத்தரங்குக்குச் சாப்பாட்டுக் கணக்கு பார்த்தது உட்பட இத்தனைக்கும் புள்ளி கிடையாது, ஆகவே எந்த வரியும் கிடையாது. வெளியே இதற்குத் திட்ட மேலாண்மை, கொள்முதல், பயிற்சி என்று பெயரும் சம்பளமும் உண்டு. இதை எழுதச் சொல்லிக் கேட்டால் "அதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். அந்தத் தயக்கத்தை உடைப்பது ஒன்றுக்காகவே இந்தப் பழக்கத்தை வரவேற்கலாம். தந்தை பெயர், திருமண நிலை, புகைப்படம், கடைசியில் உறுதிமொழியும் கையெழுத்தும் என்று பயோடேட்டாவிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவற்றை எடுத்துவிடச் சொல்வதிலும் எனக்கு மறுப்பில்லை.

மாற்றும் முறையில்தான் கோளாறு. செய்த வேலையை அப்படியே வைத்துவிட்டு, விளம்பரத்தில் உள்ள சொற்களை அதன்மேல் போர்த்தச் சொல்கிறார்கள். ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். மூலிகை இலைச்சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரித்து ஆராய்ந்து பட்டம் பெற்றவர், மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்கிறார். இரண்டு இடத்திலும் கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிதான். விளம்பரத்தில் 'மெத்தட் வேலிடேஷன்' என்று இருக்கிறது. அறிவுரைப்படி அந்தச் சொல்லை ரெஸ்யூமேயில் ஏற்றிவிடுகிறார்.

ஆனால் இரண்டு இடத்து வேலையும் ஒன்றல்ல. பல்கலைக்கழகத்தில் அவர் தேடியது புதிய சேர்மம். மருந்து நிறுவனத்தில் வேலிடேஷன் என்பது ஒரு சோதனை முறை நம்பத்தக்கது என்று காகிதத்தில் நிரூபிப்பது: துல்லியம், திரும்பச் செய்தால் அதே விடை வருகிறதா, அளவு கூடக் கூட அளவீடு நேர்க்கோட்டில் கூடுகிறதா, எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டுபிடிக்கும், சூழல் சற்று மாறினால் தாங்குமா என்று மருந்துத் துறையின் பன்னாட்டு ஐ.சி.எச். கியூ2 வழிகாட்டி வரிசையாகக் கேட்கும். பதிவேட்டில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அடித்து மறைக்கக் கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் கையொப்பமும் தேதியும் போடவேண்டும். நேர்காணல் செய்பவர், "ஒரே மாதிரியை ஆறு முறை செலுத்தியபோது ஆர்.எஸ்.டி. எவ்வளவு வந்தது?" என்று, விடைகள் எவ்வளவு சிதறின என்பதைக் கேட்டதும் அந்த வேதியியலாளர் விழிப்பார். கருவியில் நான்கு ஆண்டு உட்கார்ந்த அவருடைய உண்மையான தேர்ச்சியும் அதோடு சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

இதே மனிதர் வேறு விதமாக எழுதியிருக்கலாம். எச்.பி.எல்.சி.யில் நான்கு ஆண்டு தினசரி வேலை. கலவையைப் பிரிக்கும் முறையை நானே அமைத்தேன். பம்ப், டிடெக்டர் கோளாறுகளைப் பார்த்திருக்கிறேன். வேலிடேஷன் வழிகாட்டியைப் படித்து, அதன்படி என் முறைக்கு நேர்க்கோட்டுத் தன்மையும் திரும்பச் செய்யும் சோதனையும் மட்டும் நடத்தியிருக்கிறேன். இந்தக் கடைசி வரியை எழுதவேண்டுமானால் பட்டம் வாங்குமுன் ஒரு வாரம் கருவியில் உட்கார்ந்து அதைச் செய்திருக்க வேண்டும். சொல்லை மாற்ற ஒரு மாலை போதும், இதற்குப் போதாது. நல்ல ரெஸ்யூமே பாதிக்குமேல் ஆய்வகத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதைத்தான் இந்த அறிவுரை சொல்லாமல் விடுகிறது.

எண்களோடு சொல் என்ற விதி கலைத்துறை ஆய்வாளரை இன்னும் மோசமாகப் பாதிக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் பழைய மராத்தி மோடி எழுத்து ஆவணங்களைப் படிக்கத் தெரிந்த வரலாற்று ஆய்வாளர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு ஆவணம் படித்தேன் என்ற வரி அவரைப் பற்றி என்ன சொல்லிவிடும்? ஒரே நிலத்தைப் பற்றி இரண்டு ஆவணம் முரண்பட்டால் எதை நம்புவது, ஏன், அந்தக் காரணத்தை மூன்றாமவருக்கு எப்படி விளக்குவது என்பதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. பத்திரிகையின் உண்மை சரிபார்க்கும் மேசைக்கும், பழைய பத்திரங்களைப் பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கும், அருங்காட்சியகத்துக்கும் வேண்டியது அதுவே. அதைச் சதவீதத்தில் காட்ட முடியாது. பொதுவாசகருக்குப் புரியும்படி அவர் எழுதிய இரண்டு பக்கத்தை இணைத்தால் காட்டலாம். செயல்திறனை 30 சதவீதம் உயர்த்தினேன் என்று எதை வைத்து எதை அளந்தார் என்றே தெரியாத வரிகளை ஆய்வு முறை படித்தவர்களே எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அளவீட்டுக்கு ஆதாரம் கேட்கும் பழக்கம்தான் அவர்கள் கொண்டுபோகும் முதல் சொத்து. வாசலிலேயே அதை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறது இந்த விதி.

அறிவுரையின் ஆதாரமும் அப்படியொன்றும் கெட்டியல்ல. ரெஸ்யூமேயை ஆறு வினாடிதான் பார்ப்பார்கள் என்று எல்லாப் பயிலரங்கிலும் சொல்கிறார்கள். அமெரிக்க வேலைவாய்ப்பு நிறுவனமான தி லேடர்ஸ் 2012இல் 30 ஆள்சேர்ப்பாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து சொன்ன கணக்கு அது. 2018இல் அதே நிறுவனம் 7.4 வினாடி என்றது. முதல் பார்வைக்கான அந்த நேரத்தை, சிறப்புத் துறையில் ஆள் தேடும் ஆய்வகத் தலைவர் விண்ணப்பத்தைப் படிக்கும் நேரமாக எடுத்துக்கொள்ள முடியாது. கட்டுரைப் பட்டியலைத் தூக்கு என்பதும் எல்லா வேலைக்கும் பொருந்தும் விதியல்ல. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச், கூகிள் ரிசர்ச் போன்ற இடங்களில் ஆய்வாளர் வேலைக்குப் போகிறவரை முதலில் எடைபோடுவதே அந்தப் பட்டியலை வைத்துத்தான். விற்பனை, நிர்வாக வேலை என்றால் ஒரு வரி போதும். பி.எச்டி.யையே மறைத்துவிடு, 'ஓவர் குவாலிஃபைட்' என்பார்கள் என்ற யோசனையை மட்டும் எந்த வேலைக்கும் ஏற்க முடியவில்லை. மறைத்தால் ஐந்து ஆண்டு சும்மா இருந்த ஆள் ஆகிவிடுகிறார். அந்த இடைவெளியை விளக்குவது பட்டத்தை விளக்குவதைவிடக் கடினம்.

கல்வி உலகமே இப்போது பழைய பட்டியலை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். லண்டனின் ராயல் சொசைட்டி 2019இல் ஆய்வாளர்களுக்கென ஒரு ரெஸ்யூமே வடிவத்தை வெளியிட்டது. அறிவுக்கு என்ன சேர்த்தீர்கள், யாரை வளர்த்தீர்கள், ஆய்வுச் சமூகத்துக்கும் பரந்த சமூகத்துக்கும் என்ன செய்தீர்கள் என்று அது கேட்கிறது. பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பான யு.கே.ஆர்.ஐ.யும் இதே வழியில் ஒரு வடிவத்தைக் கையாள்கிறது. நம் ஆய்வகத்தில் ஜூனியரைத் தூக்கிச் சுமந்தவருக்கு அங்கே ஒரு பத்தி கிடைக்கும். அப்படியானால் சி.வி.யின் இந்தக் குறையை வேலை தேடும் தனிமனிதர் மேல் சுமத்துவது எப்படிச் சரி?

எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் உள்ள பெரிய குறை இதுதான்: பல்கலைக்கழகம் செய்யவேண்டியதை, ஆய்வேடு கொடுத்துவிட்டு உதவித்தொகையும் நின்றுபோன ஆளிடம் தள்ளிவிடுகிறது. 2022 பி.எச்டி. விதிமுறைகளின்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வாளர் ஆலோசனைக் குழுவின்முன் தன் முன்னேற்றத்தைக் காட்டவேண்டும். அந்தக் கூட்டத்தில் கட்டுரை எத்தனை என்று கேட்பதோடு, இந்த ஆறு மாதத்தில் எந்தக் கருவி, எந்த மென்பொருள், எந்தக் கணக்கு, யாருக்குப் பயிற்சி என்று ஒரு பக்கம் எழுதி வாங்கலாம். ஆய்வு நெறிமுறைக்கு இரண்டு கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்க முடிந்தது. இந்த ஒரு பக்கத்துக்குப் பாடம்கூட வேண்டாம். மூன்றாம் ஆண்டிலேயே குறை தெரிந்தால், அந்த வேதியியலாளருக்கு வேலிடேஷன் செய்து பார்க்க இன்னும் நேரம் இருக்கும்.

நிறுவனங்கள் பக்கமும் ஒரு திருத்தம் வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் அனுபவம் எத்தனை ஆண்டு என்ற கட்டத்தில் பி.எச்டி. காலத்தைப் போட முடியாததால் 32 வயது ஆள் ஃப்ரெஷராகிறார். 22 வயதுக்காரருக்கான சம்பளத்தைப் பேசுகிறார்கள். ரெஸ்யூமேயை எவ்வளவு செதுக்கினாலும் அந்தக் கட்டம் மாறாது. ஆய்வுப் பிரிவு உள்ள நிறுவனங்கள் சில அந்த ஆண்டுகளை அனுபவமாக எடுத்துக்கொள்கின்றன. மற்றவர்களிடம் இதைக் கேட்டு வாங்க, ஆய்வாளரைவிடப் பல்கலைக்கழகத்தின் பிளேஸ்மென்ட் அலுவலகத்தால்தான் முடியும். பல பல்கலைக்கழகங்களில் அந்த அலுவலகத்தின் பட்டியலில் ஆய்வு மாணவர் பெயரே இருப்பதில்லை.