ஜாடிக்குள் அடங்காத மலை

கலிஃபோர்னியாவில் வாழ்ந்த பியா ஜான்சன் 2013இல் 'ஸீரோ வேஸ்ட் ஹோம்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். நான்கு பேர் கொண்ட தன் குடும்பத்தின் ஓராண்டுக் குப்பை ஒரு சின்னக் கண்ணாடி ஜாடிக்குள் அடங்கிவிடுவதாக அவர் எடுத்துக் காட்ட, குப்பையில்லா வீடு என்பது உலகெங்கும் ஒரு இயக்கமாகவே ஆகிப்போனது. தேவையில்லாததை மறுத்துவிடு, தேவையானதைக் குறைத்துக்கொள், திரும்பத் திரும்பப் பயன்படுத்து, மறுசுழற்சிக்குக் கொடு, மிச்சத்தை மக்கவிடு என்பது அவர் சொல்லும் வரிசை. வரிசையில் பிழை இல்லை. வீட்டை அந்த ஜாடியால் அளப்பதில்தான் எனக்குச் சந்தேகம். சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி மேகமலையில் வைத்துப் பார்த்தால், அந்த அளவுகோல் எங்கெங்கே பொய் சொல்கிறது என்பது தெரிந்துவிடும்.

மேலே தேயிலை, ஏலத் தோட்டங்கள். சுற்றிலும் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு அரிசி, பருப்பு, சோப்பு எல்லாமே பள்ளத்தாக்கிலிருந்துதான் ஏறி வர வேண்டும். சாமான் ஏறும், உறை இறங்காது. இரும்பையும் அட்டையையும் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ஷாம்பு சாஷேயையும் பிஸ்கட் கவரையும் எடைக்குப் போட்டால் யார் காசு கொடுப்பார்கள்?

சாஷே நம்மூர்ச் சரக்கு என்பதையும் சொல்ல வேண்டும். ஷாம்புவைச் சின்ன உறையில் அடைத்து விற்கும் வழக்கத்துக்கு முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். 1983இல் அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கி அதை ஊரூராகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க மொத்தமாகப் பணம் இல்லாதவர்களுக்கு அது உண்மையான வசதி. கூலியில் சில்லறை மிச்சம் பிடித்து வாங்குகிற பெண்ணிடம் "சாஷேயை மறுத்துவிடு" என்று சொல்வது, அவளுக்குத் தலை குளிக்கவே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இயக்கத்தின் முதல் கட்டளையே கையில் முன்பணம் உள்ளவர்களை நினைத்து எழுதப்பட்டது.

மொத்தமாக வாங்கி டப்பாவில் நிரப்பி வை என்ற அறிவுரைக்கு மேகமலையில் இன்னொரு தடை உண்டு. ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பேர் வாங்கிய அரிக்கொம்பன் யானை 2023இல் கேரளத்திலிருந்து இங்கே வந்து தோட்டப் பகுதிகளில் திரிந்தது. மே மாதம் கம்பம் ஊருக்குள்ளேயே இறங்கி, ஜூன் மாதம்தான் பிடிபட்டது. வீட்டில் அரிசி மூட்டை அடுக்குவது இங்கே சிக்கனம் மட்டுமல்ல, யானைக்கு அழைப்பும்கூட.

ஈரக்கழிவில் இயக்கத்தின் வாதம் வலுப்பெறுகிறது. சமையலறைக் குப்பையில் பெரும்பங்கு ஈரமானதுதான். அதைப் பிரித்துவிட்டால் மீதி நாறாது, புழு வைக்காது, விலங்கையும் இழுக்காது. கீழே மாடு இருக்கிற வீட்டில் கழனித் தொட்டி இதை எப்போதோ தீர்த்துவிட்டது. மலையில் குளிரும் மழையும் மக்குவதைத் தாமதமாக்கும், திறந்த குழியைக் காட்டுப்பன்றி கிளறிவிடும். மூடியுள்ள தொட்டியும் காய்ந்த சருகும் இருந்தால் சமாளிக்கலாம். இதில் இயக்கம் சொல்வது முழுக்கச் சரி.

உலர்குப்பையில்தான் ஜாடி ஏமாற்றுகிறது. வெந்நீர் அடுப்பில் விறகு பற்ற வைக்கக் கவரைச் செருகுகிற வீட்டில் குப்பையே மிஞ்சாது. ஜாடிக் கணக்கில் அதுதான் முதல் பரிசு வாங்கும் வீடு. புகை மட்டும் குழந்தையின் நெஞ்சில் இருக்கும்.

துணிப்பைக்கும் இதே சோதனை வைக்க வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிளாஸ்டிக் பைக்கு ஈடுகட்ட ஒரு சாதாரணப் பருத்திப்பையை, பருவநிலையை மட்டும் கணக்கில் கொண்டால் 52 முறை, எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 முறை பயன்படுத்த வேண்டும். இதைக் காட்டி மஞ்சப்பையைக் கேலி செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். டென்மார்க்கில் பிளாஸ்டிக் பை முறையாகச் சேகரிக்கப்பட்டு எரியுலைக்குப் போகிறது. வீசியெறியப்பட்ட பை செய்யும் சேதம் அந்தக் கணக்கில் வரவில்லை. இங்கே காட்டோரம் விழுகிற பை யானை வயிற்றுக்குப் போகக்கூடும். 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண்யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஆகவே மேகமலையில் மஞ்சப்பை வெல்கிறது, கல்யாண வீட்டில் கொடுத்த பழைய பையாக இருந்தால். விழாவுக்கு விழா புதிதாக அச்சடித்து வழங்கினால் அந்த வெற்றியும் சுருங்கிவிடும்.

ஜப்பானின் கமிகாட்சுவும் ஒரு மலையூர்தான். 1,500க்கும் குறைவானவர்களே வசிக்கிறார்கள். 2020க்குள் எரிப்பதையும் புதைப்பதையும் நிறுத்துவோம் என்று 2003இல் அறிவித்தார்கள். குப்பை வண்டி கிடையாது. ஈரக்கழிவை வீட்டில் மக்கவைத்து, மற்றதை 45 வகையாகப் பிரித்து அவரவரே மையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுசுழற்சியில் எட்டியது 80 சதவீதம். மீதியில் டயப்பரும் நாப்கினும் பிரிக்கவே முடியாதபடி தயாரான பொருள்களும் நின்றுவிட்டன. உறுதியில் குறையில்லாத ஊரே அங்கே நின்றது என்றால், மீதியைக் குடும்பத்தின் சோம்பலாகக் கணக்கெழுதுவது அநியாயம்.

நீலகிரியில் வேறொரு வழி பலித்தது. உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. குடிமகன்கள் திடீரென்று இயற்கை ஆர்வலர்களாகிவிடவில்லை. பத்து ரூபாய் வேலை செய்தது.

எனவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஈரக்கழிவுக்கு வீடே பொறுப்பு. அதில் சாக்குப்போக்கு வேண்டாம். உறைக்கு அதை அடைத்தவரும் விற்றவரும் பொறுப்பு. தோட்டத்துக் கடையில் எண்ணெயும் ஷாம்புவும் அளந்து ஊற்றட்டும். அடிவாரத்துத் தென்பழனிச் சோதனைச்சாவடியில் பயணிகள் ஏற்றிச் செல்லும் கவருக்கும் பாட்டிலுக்கும் முன்பணம் வாங்கி, இறங்கும்போது திருப்பித் தரட்டும். நாப்கினை இதில் சேர்க்க மாட்டேன். மாதக்கணக்கில் மழையும் மேகமுமாக இருக்கும் ஊரில் துணி காயாது, ஈரத்துணி நோய் தரும். மாதவிடாய்க் கப் பழகியவர்கள் பழகட்டும். மற்றவர்களின் நாப்கின் குப்பையாகவே வரட்டும், அதைத் தனியாக வாங்கிப்போக ஊராட்சி ஆள் அனுப்பட்டும்.